புகை வராத அடுப்பு

நெய்வேலி,
9-7-1978

தம்பி மருதாசலத்துக்கு,

அண்ணன் சண்முகசுந்தரம் எழுதுவது. நானும் உன் அண்ணி சந்திராவும் சுகம். நீயும் பொன்னம்மாளும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் விட்டதா?

உன் பட்டறையிலிருந்து லாரியில் வந்த இருபத்தைந்து இரும்பு அடுப்புகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. வராந்தாவில் அடுக்கியிருக்கிறேன். குவார்ட்டர்ஸ் சந்திராவின் டீச்சர் வேலைக்குக் கொடுத்தது என்பதால் வாசல் பலகையில் அவள் பெயர். அதற்குக் கீழே இப்போது உன் பெயர் வார்த்த அடுப்புகள். என் பெயர் போட்டது இந்த வீட்டில் ஒன்றுதான், என் பி.எஸ்ஸி. சர்டிபிகேட். அது பெட்டிக்குள் இருக்கிறது.

டவுன்ஷிப்பில் உன் அடுப்பை யாரும் வாங்கப் போவதில்லை. அதனால் சைக்கிளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்குப் போகிறேன். அங்கே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள் நிறைய. டீக்கடைக்கு எதிரே கரிக்கட்டி போட்டுப் பற்றவைத்துக் காட்டினேன். வாசலில் வைத்துப் பற்றவைக்க வேண்டும், கட்டி சிவந்தபின்தான் உள்ளே எடுத்துப் போக வேண்டும், கதவும் சன்னலும் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் படுத்துத் தூங்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தங்கராசு என்று ஒருவன், டீக்கடைக்காரன், கடைசியில் கேட்டான்: "சார், அடுப்பு விக்கிறீங்களா, பரீச்சை வெக்கிறீங்களா? நான் மூணாங்கிளாசுலியே ஓடியாந்தவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு அடுப்பு விற்றிருக்கிறேன். உரக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் விற்பனையில் இருந்தவன் நான் என்பதை இங்கே யாரிடம் சொல்ல?

உடம்பைப் பார்த்துக்கொள்.

சண்முகசுந்தரம்


கோயமுத்தூர்,
18-7-1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி மருதாசலம் வணக்கம். இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். இருமல் போய்விட்டது. அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

கோபிக்காமல் படியுங்க. நான் எட்டாவது பெயிலானவன். எனக்கு என்ன தெரியாதுன்னு எனக்கு நல்லா தெரியும். அதனால் சந்தையில் நின்றால் மூணு பேச்சுக்கு மேலே பேச மாட்டேன். புகை வராது. கண் எரியாது. விறகுக்கு அலைய வேண்டாம். அப்புறம் வாயை மூடிக்குவேன். வாங்குகிறவங்க அடுப்பைப் பார்ப்பாங்க.

நீங்க அடுப்பை விக்கறதில்லீங்கண்ணா. உங்க படிப்பை விக்கறீங்க. அதை வாங்க அவங்க வரலை. நமக்கு நாமே இதைச் சொல்லிக்கிட்டாத்தான் வியாபாரம்.

சன்னல், கதவு எல்லாம் எதுக்கு? இங்கே அத்தனை பேரும் வாசலில் வைத்துத்தான் எரிக்கிறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லை. அதை விட்டுடுங்க. பயமுறுத்தின மாதிரி ஆகும்.

பொன்னம்மாள் உங்களைச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

உங்கள் தம்பி,
மருதாசலம்


நெய்வேலி,
16-8-1978

தம்பிக்கு,

எல்லோரும் நலம். சந்திராவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அங்கே மழை உண்டா?

உன் புத்திமதி கிடைத்தது. இருமுறை படித்தேன். அப்பா உயிரோடு இருந்தபோது இதே தொனியில்தான் என்னிடம் பேசுவார். பட்டறைப் பலகையில் "அண்ட் சன்ஸ்" என்று எழுதப் பெயின்டரைக் கூப்பிட்டுவிட்டு, "பெரியவன் படிச்சவன், அவனுக்கு எதுக்கு" என்று உன் பெயரை மட்டும் எழுதவைத்தவர் அல்லவா.

நீ சொன்னபடியே செய்கிறேன். மூன்று வாக்கியம். சன்னலை விட்டுவிட்டேன். தூங்குவதை விட்டுவிட்டேன். விடச் சொன்னவன் நீ.

பதினான்கு அடுப்பு போய்விட்டது. நேற்று வாங்கியவன் கலியன் என்று சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் அள்ளுபவன். அவன் மனைவி தனத்துக்கு ஆறு மாதம். குடிசையைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் செங்கல் அறை ஒன்று கட்டியிருக்கிறான். மேலே கான்கிரீட் தளம் போட்டது. அந்தத் தெருவில் அதுதான் முதல் தளம். சுவரில் தலைக்கு மேலே ஒரே ஒரு சன்னல், பலகைக் கதவு வைத்தது. அந்தப் பெண் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நெசமாவே பொகையாதுங்களா? எங்க அம்மா ஊதி ஊதியே கண்ணு போச்சுங்க" என்றாள்.

"புகையாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். உன் பாடம் எனக்கு வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு ஆசிகள்.

சண்முகசுந்தரம்


கோயமுத்தூர்,
27-8-1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லாரும் சௌக்கியம். உங்க கடிதத்தைப் பொன்னம்மாளிடம் படித்துக் காட்டினேன். பதினாலு! அடுத்த லோடு எப்போ அனுப்பட்டும்?

பலகை விஷயம் எனக்கும் மனசில் இருக்கிறதுங்கண்ணா. அப்போ எனக்கு வயசு பத்தொன்பது. நான் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை.

ஒண்ணு கேட்கணும். நீங்க சன்னலைப் பத்தி ரெண்டு தரம் எழுதிட்டீங்க. நீங்க வெறுமனே எழுதுகிற ஆள் இல்லை. அதில் ஏதாவது விஷயம் இருந்தால் ஒரே வரி எழுதிப் போடுங்க. நோட்டீஸ் அடித்து அடுப்போடு கொடுத்துடலாம். நான் தெரியாமல் ஏதாவது சொல்லியிருந்தால் திருத்துங்க.

அண்ணிக்கு என் வணக்கம்.

மருதாசலம்


நெய்வேலி,
19-10-1978

தம்பிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. நலமாகத்தான் இருக்கிறோம். உங்கள் அனைவருக்கும் தீபாவளி வாழ்த்து.

உன் ஆகஸ்ட் கடிதத்தில் எதையோ கேட்டிருந்தாய். கடிதத்தை எங்கோ வைத்துவிட்டேன்.

இருபத்து மூன்று அடுப்பு போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் அடுப்பை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டார்கள். முன்பு விறகு எரித்தபோது புகை தாங்காமல் கதவைத் திறந்துபோட்டு நனைந்தாலும் பரவாயில்லை என்று இருப்பார்களாம். இப்போது அந்தச் சிரமம் இல்லை. கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சாரல் அடிக்கவில்லை, கதகதப்பாக இருக்கிறது என்று உன்னை வாழ்த்துகிறார்கள்.

வேடிக்கை ஒன்று. மாணிக்கம்மாள் என்ற கிழவிக்குப் பத்து நாளாகத் தலைவலி, வாந்தி. காலையில் களத்துக்குப் போய்விட்டால் சரியாகிவிடுகிறதாம். வீட்டுக்கு வந்தால் மறுபடி வருகிறதாம். "வேலைக்குப் போனா நல்லா இருக்கேன், வூட்டுல மருமவ மூஞ்சியப் பாத்தாத்தாங்க நோவுது" என்கிறாள். போன வாரம் மழைக்காகக் கோழியையும் ஆறு குஞ்சுகளையும் கூடையில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். காலையில் ஏழும் செத்துக் கிடந்தன. காயம் இல்லை, நோய் இல்லை. மருமகள் விஷம் வைத்தாள் என்று தெருவில் ஒரே சண்டை.

பொன்னம்மாளுக்கு என் விசாரிப்பு.

சண்முகசுந்தரம்


கோயமுத்தூர்,
26-10-1978

அண்ணா,

வணக்கம். நாங்க நல்லா இருக்கோம். நீங்க எப்படி இருக்கீங்க?

கோழிச் சமாச்சாரம் வேடிக்கையாகப் படலீங்க. ரெண்டு நாளாய்த் தூக்கம் பிடிக்கலை. போன வருஷம் நம்ம பட்டறை ராஜாங்கம் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தான். காலையில் தட்டித் தட்டிப் பார்த்து இழுத்துப் போட்டோம். பிழைத்துக்கிட்டான். அப்போ குடி என்று நினைத்தோம். அவன் குடிக்கவே இல்லைன்னு இப்போதான் சொல்கிறான்.

அடுப்பாலா? உங்களுக்குத் தெரியும். நீங்க படித்தது அதுதானே. ஆமாம், இல்லைன்னு ஒரு கார்டு போடுங்க. உடனே.

தம்பி


நெய்வேலி,
21-11-1978

தம்பிக்கு,

நலம். உன் கடிதமும் அதன் பின் போட்ட கார்டும் வந்தன. மழையில் தபால் ஆபீசுக்குப் போக முடியவில்லை.

நான் வைத்தியன் அல்ல. கோழி எதனால் செத்தது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. விற்கிறவன் தன் படிப்பைக் காட்டக் கூடாது என்று நீதானே எழுதினாய். நான் விளக்கியபோது கேட்க ஆள் இல்லை. இப்போது திடீரென்று என் படிப்புக்குக் கிராக்கி.

கலியன் வீட்டில் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. தெருவில் சர்க்கரை கொடுத்தான். எனக்கும் ஒரு கை கொடுத்தான். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று அந்தச் செங்கல் அறையைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். சன்னல் இடுக்கில் பழந்துணி அடைத்திருக்கிறது. அடுப்பு கட்டிலடியில். கதவு திறந்த நொடியில் நான் வெளியிலிருந்துதான் பார்த்தேன்.

மழை விடவில்லை.

சண்முகசுந்தரம்


கோயமுத்தூர்,
27-11-1978

அண்ணா,

நலம் விசாரிக்க மறக்கலை. இது அதுக்கான கடிதம் இல்லை.

இங்கே காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவரிடம் போய்க் கேட்டேன். அடுப்பைப் பார்த்தவுடனே அவர் கேட்ட முதல் கேள்வி, "சன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்களா?" வாசனை இல்லாத விஷக்காற்று வருமாம். விறகென்றால் புகை விரட்டிவிடும், இது விரட்டாது, தூக்கத்திலேயே முடித்துவிடும் என்றார். கரிக்கட்டியில் குற்றமில்லை, அடுப்பிலும் குற்றமில்லை, சாத்தின கதவுதான் என்றார். அரை நிமிஷத்தில் சொல்லி முடித்தார். எனக்கே புரிந்தது.

இருபத்து மூணு வீட்டுக்கும் போங்க. இன்றைக்கே. கலியன் வீட்டுக்கு முதலில். அடுப்பைத் திரும்ப வாங்கிக்குங்க. வெள்ளத்தில் பாலம் போய் ரயில் நிற்கிறது, தந்தியும் போகாதுன்னு தபால் ஆபீசில் சொல்லிட்டாங்க. இல்லைன்னா நானே வந்திருப்பேன்.

விட்டுவிடச் சொன்னது நான். பழி என்னுடையது. ஆனால் உங்களுக்குத் தெரியாதாண்ணா?

மருதாசலம்


நெய்வேலி,
4-12-1978

தம்பிக்கு,

நானும் சந்திராவும் நலம். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இன்று போய் வந்தேன்.

நீ நினைப்பதுபோல் அது எளிதாக இல்லை. தங்கராசு கடையிலிருந்து ஆரம்பித்தேன். கதவைத் திறந்து வை என்றதும் அவன் கண்ணைச் சிமிட்டினான். "புரிஞ்சிபோச்சு சார். அடுத்த மாடல் வந்துருச்சா? பழசு ஆவாதுன்னு சொல்லிட்டுப் புதுசை எறக்கிகினு வருவீங்க." மாணிக்கம்மாள் மட்டும் அடுப்பைத் தூக்கி வாசலில் போட்டாள், மருமகளைப் பார்த்துக்கொண்டே. பன்னீர்செல்வம் என்பவன், "அப்பவே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன், அதான் சொல்லல, இல்லீங்களா?" என்று கேட்டான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

இருபத்திரண்டு வீடு முடிந்தது. கலியன் வீடு தெருக்கோடியில். போனபோது மணி நாலு. அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அவன் தாய் சின்னம்மாள் உள்ளிருந்தே, "யாரு? ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதுங்க, புள்ள பெத்த வூடு. கலியன் காலையில வந்துருவான், அப்ப வாங்க" என்றாள். சரி என்று வந்துவிட்டேன். நாளை காலையில் போய்க்கொள்ளலாம்.

உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று இதை எழுதினேன்.

சண்முகசுந்தரம்


கோயமுத்தூர்,
9-12-1978

அண்ணா,

அந்த ஒரு வீடு?

முதலில் போங்கன்னு எழுதியிருந்தேனே. தந்தி அடியுங்க.

மருதாசலம்


நெய்வேலி,
17-12-1978

மருதாசலம்,

நான் தந்தி அடிக்கவில்லை. அதில் எழுத வேண்டியது நான்கு வார்த்தை. அந்த நான்கையும் என்னால் தபால் ஆபீஸ் கிளார்க்கிடம் சொல்ல முடியவில்லை.

ஐந்தாம் தேதி காலையில் நான் போவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. விடிகிற நேரத்தில் தனம் தட்டுத் தடுமாறிக் கதவைத் திறந்து வாசலில் வாந்தி எடுத்து விழுந்திருக்கிறாள். அதனால் அவள் பிழைத்தாள். சின்னம்மாள் வாசற்படி ஓரமாகப் படுத்திருந்ததால் அவளுக்கு மயக்கத்தோடு போயிற்று. கதவு திறந்ததும் அறை சரியாகிவிட்டது. சந்தேகப்பட அங்கே ஒன்றுமே இல்லை. நான் போனபோது அடுப்பில் சாம்பலைத் தட்டி வெந்நீருக்குப் பற்றவைத்திருந்தார்கள்.

அடுப்பை எடுத்து வெளியே வைத்தேன். குழந்தையை எடுத்துப் போக வழி வேண்டும் என்று அதைச் செய்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரியும். ஜூலையிலேயே தெரியும். அந்த வாயுவின் பெயரும் தெரியும், எத்தனை பங்கு காற்றில் எத்தனை பங்கு இருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நீ எட்டாவது பெயிலானவன், விடச் சொன்னாய். நான் தெரிந்தே விட்டேன். உன் வார்த்தையால் ஒரு தவறு நடக்க வேண்டும், நீ என்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். தலைவலி அளவுக்கு நடந்தால் போதும் என்று இருந்தேன். கோழி செத்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்த அளவோடு நிற்கும் என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

நான்காம் தேதி அந்த வீட்டை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கேட்பாய். முதலில் போகச் சொன்னவன் நீ என்பதால். இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை, பத்து நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன். சின்னம்மாள் காலையில் வரச் சொன்னபோது கதவுக்கு வெளியே நின்றே நான் சொல்லியிருக்கலாம். "சன்னலைத் திறங்கள்" என்றால் முடிந்தது. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்றால் முன்பே ஏன் சொல்லவில்லை என்று வரும். அவள் போகச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, காபி குடித்து, உனக்குக் கடிதம் எழுதினேன்.

இன்னும் இருக்கிறது. அங்கே யாரும் அடுப்பைச் சொல்லவில்லை. சொன்ன ஒரே ஆள் நான், என்னை வியாபாரி என்று தள்ளிவிட்டார்கள். தனம்தான் தூக்கத்தில் குழந்தைமேல் புரண்டு கொன்றுவிட்டாள் என்று சின்னம்மாள் சொல்லிவிட்டாள். தெரு முழுவதும் அதையே சொல்கிறது. குழந்தையின் முகம் சிவந்திருந்ததாம், அமுங்கினதால் அப்படி என்கிறார்கள். அது ஏன் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். புரண்டேனா இல்லையா என்று தனத்துக்கே நினைவு இல்லை. தூங்கியவளுக்கு எப்படித் தெரியும்? அவளும் அதை நம்பிவிட்டாள்.

இன்று காலையில் கலியன் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், அன்னைக்கு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னீங்கன்னு அம்மா சொல்லிச்சு. எதுக்கு வந்தீங்க சார்?" என்று கேட்டான்.

அவன் குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சந்திரா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "டவுன்ஷிப்புலேருந்து எங்க புள்ளயப் பாக்கணும்னு ஒருத்தரு வந்தீங்களே சார். பாக்காமயே போய்ட்டீங்களே" என்று சொல்லி அழுதான். அழுது முடித்துவிட்டுச் சொன்னான்: "அவளை அவ அம்மா வூட்டுலயே வுட்டுறலாம்னு இருக்கேங்க. நாலு மணி பஸ்ஸுக்கு மேல்பட்டாம்பாக்கம் அனுப்புறேன். இனிமே வாணாம். மூஞ்சியப் பாத்தா ஆவுல."

அவன் போனபின் சந்திரா சமையலறையை விட்டு வெளியே வந்தாள். என் எதிரில் வந்து நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சொல்வது சுலபம், நீ இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறாய், அதோடு பழியில் பாதியை ஏற்கெனவே வாங்கிக்கொண்டாய். அதைத் திருப்பிக் கொடு. அது உன்னுடையது இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்வரை அங்கே போகாமல் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருக்கிறது.

மணி மூன்று பத்து. பஸ் ஸ்டாப்பில் தனம் இருப்பாள், கலியன் இருப்பான், தெருவில் பாதிப் பேர் இருப்பார்கள். அவர்கள் முன்னால் சொன்னால்தான் அவள் வீட்டுக்குத் திரும்ப முடியும். சொன்னபின் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு போக நேரமில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டேன். இதைத் தபாலில் போடச் சந்திராவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். ஒட்டவில்லை. அவளும் படிக்கட்டும்.

சண்முகசுந்தரம்